என்ன ஜாதி நாய்?

சதுரங்கப்பட்டினம்
9 ஜூன் 2025

கிருபா,

ஓடிப்போன நாய் தன் சங்கிலியையும் சோற்றுத் தட்டையும் எடுத்துக்கொண்டா ஓடும்?

நேற்றுவரை எனக்கு இது உறைக்கவில்லை. ஷாரோனுக்கு ஆபரேஷன் முடிந்து நான் வேலூரிலிருந்து திரும்பிய அன்று, கேட்டிலேயே நின்றுகொண்டு, "அக்கா, சுந்தரி ஓடிட்டாக்கா. குப்பை வண்டிக்காரன் கேட்டைத் தொறந்து வுட்டுட்டான்" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. நான்தான் உன்னைத் தேற்றினேன். பையைக்கூட உள்ளே வைக்காமல் திருப்போரூர் குளக்கரை, மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு என்று சுற்றினேன். டீக்கடை டீக்கடையாகப் போனில் அவள் படத்தைக் காட்டினேன். நீயும் பைக்கில் என்னை உட்கார வைத்துக்கொண்டு "சுந்தரி, சுந்தரி" என்று தெருவெல்லாம் கத்தினாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எப்படிடா கத்தினாய்?

நேற்று சர்ச்சிலிருந்து வந்து, அவள் படுக்கும் மூலையைக் கழுவிவிடலாம் என்று போனேன். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. சங்கிலி இல்லை. தட்டு இல்லை. விரித்திருந்த சாக்குகூட இல்லை. சுஷ்மிதாவிடம் கேட்டேன். தரையைப் பார்த்தாள். "அண்ணி, அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பில் பால் இல்லை. எனக்குத் தெரியும், நான்தான் அப்போது காய்ச்சி இறக்கியிருந்தேன்.

அந்த நிமிடமே துணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஷாரோன் வீட்டில் இருக்கிறேன். நாத்தனார் என்றாலும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கும் இப்போது துணைக்கு ஆள் வேண்டும். ஆஸ்பத்திரி டியூட்டிக்கு இங்கிருந்தே திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பஸ் இருக்கிறது. என்னைப்பற்றிக் கவலை வேண்டாம்.

சுந்தரி யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். உன் மாமா பொத்தேரியில் ஹாஸ்டல் எலக்ட்ரீஷியனாக இருந்தபோது, ஒரு மெஸ்ஸுக்குப் பின்னால் சாக்கடையில் கிடந்ததைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்த குட்டி. அவர் போன பிறகு உன் வீட்டுக் கீழறைக்கு நான் வந்தபோது என்னோடு வந்த உயிர் அது ஒன்றுதான். அப்போது நீ, "ரெண்டு பேரும் வாங்கக்கா" என்றாய். ரெண்டு பேரும் என்றுதான் சொன்னாய்.

போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால் எனக்கு மனசு இளகிவிடும், நீயும் வேறெங்கோ பேச்சைக் கொண்டுபோய்விடுவாய். எழுது. எங்கே விட்டாய்?

ஜெபா


திருப்போரூர்
12 ஜூன் 2025

அக்காவுக்கு,

பத்து முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்திருக்கிறாய். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது ஸ்கூல் பரீட்சையில்தான் என்று நினைக்கிறேன். தப்பிருந்தால் மன்னித்துக்கொள்.

ஆமாம், ஓடவில்லை. நான்தான் அனுப்பினேன். ஏன் என்று முழுதாகப் படி.

வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் கம்பெனி ஆளை அனுப்புவதில்லை. நாமே வீட்டைச் சுற்றிப் படம் எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். நான் எடுத்த முன்வாசல் படத்தில் சுந்தரி படுத்திருந்தாள். அதை நான் கவனிக்கவே இல்லை. அவள் அங்கே படுத்திருப்பது கேட் இருப்பது மாதிரிதானே.

மறுநாள் ஏஜென்ட் சம்பத் கூப்பிட்டார். "சார், போட்டோல நாய் ஒண்ணு கீதே, அது இன்னா ஜாதி?"

"வீட்டு நாய்தாங்க," என்றேன்.

"அது கண்ணுக்குத் தெரியுது சார். கறுப்பு ஒடம்பு, கண்ணுக்கு மேல பழுப்புப் பொட்டு, தலை இம்மாம் பெருசு. ராட்வீலர்னு ஆபீஸ்ல மார்க் பண்ணிட்டாங்க. அந்த ஜாதி லிஸ்ட்ல கீது. நாய் இருந்தா பாலிசி கெடையாது. வெளிய அனுப்பிட்டு காலி வாசலப் போட்டோ புடிச்சி போடுங்க. மேட்டர் ஓவர்."

பாலிசி இல்லையென்றால் பாங்க் விடாது அக்கா. வீட்டுக்கடன் கொடுக்கும்போதே அதை எழுதி வாங்கியிருக்கிறார்கள். போன புயலில் பின்தெருவில் ஒருவர் வீட்டு மாடிக்கூரை பறந்ததை நீயும் பார்த்தாய். அந்த ராத்திரி நீயும் நானும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நம் அப்பாவும் அம்மாவும் கடைசிவரை யாரோ ஒருவர் நிலத்தில்தான் நாற்று நட்டார்கள். நம் குடும்பத்தில் பட்டாவில் பெயர் ஏறிய முதல் ஆள் நான். அது போய்விடுமோ என்ற பயம் உனக்குப் புரியாது என்று சொல்லமாட்டேன். உனக்குத்தான் அதிகம் புரியும்.

உன்னிடம் சொல்லியிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய். நீ வேலூரில் இருந்தபோது முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அது தப்புத்தான்.

சுந்தரி நன்றாக இருக்கிறாள். பூஞ்சேரியில் சம்பத்துக்குத் தெரிந்தவருடைய தென்னந்தோப்பு. இடம் பெரிது. தினமும் சோறும் கருவாடும் போடுகிறார்கள். இங்கே கேட்டுக்குள் அடைபட்டுக் கிடந்ததைவிட அங்கே நிம்மதியாக ஓடுகிறாள். கொஞ்ச நாள் போகட்டும், நானே உன்னை அழைத்துப் போய்க் காட்டுகிறேன்.

சிநேகா தினமும் "அத்தை எப்பப்பா வரும்?" என்று கேட்கிறாள். கோபத்தை விட்டுவிட்டு வா.

கிருபா


சதுரங்கப்பட்டினம்
16 ஜூன் 2025

கிருபா,

நீ அழைத்துப் போகும்வரை எனக்குப் பொறுமை இல்லை. நேற்று ஆஃப். பிரெட்டும் கொஞ்சம் வறுத்த நெத்திலியும் கட்டிக்கொண்டு பூஞ்சேரி போனேன்.

தோப்பு எங்கே? கூட்டுரோட்டில் இறங்கி வெயிலில் நடந்தேன். சிலை செதுக்குகிற கொட்டகைகள், கொடி நட்ட பிளாட்டுகள், ஒரு கல்யாண மண்டபம். உளிச் சத்தத்தில் நான் கேட்டது யார் காதிலும் விழவில்லை. கத்திக் கத்திக் கேட்டேன். தென்னந்தோப்பு ஒன்று இருந்ததாம், ரிசார்ட் ஆகிப் பல வருஷம் ஆகிறதாம். அந்த ரிசார்ட் வாசல் செக்யூரிட்டியிடமும் கேட்டேன். "நாயா? இங்க நாய் வந்தா எங்க வேல பூடும்மா," என்றான்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து சம்பத்துக்குப் போன் போட்டேன். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று யோசிக்காதே, அவர் கொடுத்த காலண்டர்தான் என் அறையில் தொங்கிக்கொண்டிருந்தது, அதிலிருந்து எப்போதோ போனில் பதிந்து வைத்தது.

"தோப்பா? நான் எந்தத் தோப்பும் சொல்லலையேம்மா," என்றார்.

"என் தம்பி நாயை உங்க ஆளுகிட்டதான் விட்டதா எழுதியிருக்கான்."

"அட இன்னாம்மா நீ. எங்கயாச்சும் வுட்டுட்டு வாங்கன்னு சொன்னேன். எங்க வுட்டாருன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. எல்லாரும் அப்டித்தான் பண்றாங்க. உன் தம்பி ஒருத்தரா?"

நெத்திலிப் பொட்டலம் மடியில் இருந்தது. பஸ் வந்தது, போனது. நான் எழுந்திருக்கவில்லை.

கிருபா, எங்கள் ஆஸ்பத்திரியில் வயதான நோயாளியைச் சேர்த்துவிட்டுப் போகிறவர்களில் சிலர் தப்பான போன் நம்பர் எழுதிக் கொடுப்பார்கள். நாங்கள் கூப்பிடுவோம், யாரோ எடுத்து "ராங் நம்பர்" என்பார்கள். அந்தப் பேஷன்ட் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என் சர்வீஸில் அப்படிப்பட்ட பிள்ளைகளை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன். அவர்களில் ஒருவனை என் கையால் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

தினமும் சோறும் கருவாடும் என்று எழுதினாயே. இல்லாத தோப்பில், இல்லாத ஆள், என்ன சோறு போடுகிறான் என்பதுவரை யோசித்து எழுதியிருக்கிறாய்.

இன்னொரு முறை கேட்கிறேன். எங்கே?

ஜெபா


திருப்போரூர்
19 ஜூன் 2025

அக்காவுக்கு,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்த முறை கிழிக்காமல் போஸ்ட் செய்துவிட வேண்டும் என்று போஸ்ட் ஆபீஸ் திண்டில் உட்கார்ந்தே எழுதுகிறேன்.

அன்றைக்கு சுஷ்மிதா ஆபீஸ் போயிருந்தாள். சிநேகா அவள் பாட்டி வீட்டில். "கார்ல போலாமா?" என்றதும் சுந்தரியே பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு வந்தாள். மாமல்லபுரம் தாண்டினேன். யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. ரோட்டோரம் மீன் விற்ற ஒருவரிடம் கேட்டேன். "இம்மாம் பெரிய நாய்க்கு யாரு நைனா சோறு போடறது?" என்றார். வெங்கம்பாக்கம் தாண்டிக் கடல் பக்கம் ஒரு மண்பாதை. உள்ளே சவுக்குத் தோப்பு. அங்கே ஒரு மரத்தில் கட்டினேன். தட்டில் தண்ணீர் ஊற்றினேன். சாக்கை விரித்தேன். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்தேன்.

ஏன் கட்டினாய் என்று கேட்பாய். கட்டாவிட்டால் காருக்குப் பின்னாலேயே ஓடி வருவாள் அக்கா. அதனால்தான் கட்டினேன். சங்கிலி மரத்தைச் சுற்றவே சரியாக இருந்தது, அதனால் கழுத்துக்கும் அதற்கும் நடுவில் கயிறு முடிச்சுப் போட்டேன்.

திரும்பும்போது குரைப்புச் சத்தம். சுந்தரி இல்லை, வேறு பக்கம். உள்ளே கொஞ்சம் நடந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மரத்துக்கு ஒன்றாக நாய்கள். எல்லாம் பெரிய பெரிய நாய்கள், கழுத்தில் விலை உயர்ந்த பட்டைகள். ஒன்றின் பக்கத்தில் பிரிக்காத நாய்த்தீனி மூட்டை அப்படியே இருந்தது. பிரித்து வைக்கக்கூட நிற்கவில்லை. ஒன்று என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. ஒன்று அசையவில்லை. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

அவிழ்த்துத் திரும்பக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அந்த இடத்தில் நின்றுகொண்டு, மற்றவர்களும்தானே செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் எனக்குக் கொஞ்சம் சுலபமாகிவிட்டது.

மண்பாதையில் எதிரே ஒரு கார் வந்தது. பின்சீட்டில் ஒரு வெள்ளை நாய். ஓட்டியவர் நம் தெருக்காரர். நம் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் சாப்பிட்டவர். அவரும் என்னைப் பார்த்தார். இருவரும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாண்டிவிட்டோம். இப்போதும் காலையில் வாக்கிங்கில் "குட் மார்னிங் கிருபா" என்கிறார். நானும் சொல்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் போனேன். கயிறு அறுந்து கிடந்தது. தட்டு கவிழ்ந்திருந்தது. சுந்தரி இல்லை. அதற்குப் பிறகு ஆபீஸுக்கு முன்னால் முடிந்தபோதெல்லாம் போய்க் கத்திக்கொண்டிருக்கிறேன். உன்னைப் பைக்கில் வைத்துக்கொண்டு கத்தியது நடிப்பு இல்லை. கத்திய ஊர்தான் வேறு.

அந்தத் தோப்பு ஷாரோன் அண்ணி வீட்டிலிருந்து கிட்டத்தான். நீ அங்கே போய் இருக்கிறாய் என்று தெரிந்ததும் எனக்குக் குளிர் எடுத்தது.

கிருபா


சதுரங்கப்பட்டினம்
25 ஜூன் 2025

கிருபா,

கிடைத்துவிட்டாள். உயிரோடு இருக்கிறாள். முதலில் இதைத் தெரிந்துகொள்.

உன் கடிதத்தை வார்டில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு ஒரு நோயாளிக்கு டிரிப் மாற்றப் போனேன், எந்தக் கை என்று மறந்து நின்றேன். ஹெட் நர்ஸ் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நேராகத் தோப்புக்குப் போனேன். நீ எழுதியது கொஞ்சம்தான். நாற்றத்தை நீ எழுதவில்லை. நான் பிணங்களைத் தொட்டுத் துடைத்துப் பழகியவள், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நடந்தேன். ஒரு நாய் கட்டிய மரத்தைச் சுற்றிச் சுற்றியே ஓடியிருக்கிறது. கயிறு முழுக்க மரத்தில் சுற்றி, கடைசியில் கழுத்து மரத்தோடு ஒட்டிப்போய்... வேண்டாம்.

அங்கே ஒரு பெண் சவுக்குச் சருகு வாரிக்கொண்டிருந்தாள். தனகோடி என்று பெயர். விறகுக்கு வருகிறவள். படத்தைக் காட்டினேன்.

"நாலு கண்ணு நாயி! இத்த நான்தான் அறுத்துவுட்டேன். கயிறு கழுத்துல எறங்கிப் போயி ரத்தமா வந்துகினு கீது. கிட்டப் போனா கடிக்கும்னு பயந்துகினே அருவாளால ஒரே வெட்டு வெட்டினேன். எகிறிக்கினு ஓடிச்சி."

"இதெல்லாம் யார் கட்டறாங்கன்னு தெரியுமா?"

"காரு வருது, நாய எறக்குது, போவுது. போன வருசம் ஒண்ணு ரெண்டு. இந்த வருசம் நாஸ்தா துன்ற நேரத்துலயே வராங்க. நானும் முடிஞ்சதை அறுத்து வுடறேன். எல்லாத்துக்கும் கிட்டப் போவ முடியில. நீ சொல்லு யக்கா, இன்னா தப்பு பண்ணிச்சாம் இதுங்கோ?"

இன்ஷூரன்ஸ் என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. சொல்லும்போது எனக்கும் புரியவில்லை.

சுந்தரி ஓடிய பக்கத்தைத் தனகோடி காட்டினாள், கடற்கரையோரம் தேடிக்கொண்டே போனேன். டச்சுக்கோட்டைக்குப் பின்னால் கரையில் கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் இருந்தாள். "சுந்தரி" என்றேன். வாலை ஆட்டவில்லை. இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டாள். நான் மணலில் படுத்துக் கையை நீட்டிக்கொண்டு கிடந்தேன். வெகுநேரம் கழித்து என் உள்ளங்கையை மோந்தாள். கழுத்தைச் சுற்றிப் புழு வைத்திருந்தது. வார்டில் எத்தனையோ புண் கழுவியிருக்கிறேன். இதைக் கழுவும்போது எனக்குக் கண் தெரியவில்லை.

ஆட்டோவில் திருக்கழுக்குன்றம் கொண்டுபோனேன். மாட்டு டாக்டர் பரணிதரன் கட்டுப்போட்டார். எப்படி ஆனது என்று கேட்டார். ராட்வீலர் என்பதால் இன்ஷூரன்ஸ் தர மறுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் கையிலிருந்த கத்திரிக்கோலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யார் மேடம் சொன்னது ராட்வீலர்னு? வாலைப் பாருங்க, காதைப் பாருங்க, காலைப் பாருங்க. கண்ணுக்கு மேல பொட்டு இருந்தா, இது நம்ம ஊரு நாலு கண்ணு நாய். நல்லா சாப்பாடு போட்டு வளர்த்திருக்கீங்க, தலையும் மாரும் அகலமாயிருக்கு. அவ்வளவுதான்."

ஆடு மாடு பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் பார்க்க நான் வாய்விட்டு அழுதேன், கிருபா. ஒரு போட்டோவைப் பார்த்து யாரோ ஒருவன் சொன்னான், நீ கட்டிவிட்டாய். ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்றுகூட உனக்குத் தோன்றவில்லை.

சாப்பிடுகிறாள். தூங்குகிறாள். தெருவில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டுவிடுகிறாள்.

ஜெபா


திருப்போரூர்
28 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்ததும் ஆபீஸ் பாத்ரூமுக்குள் போய் அழுதேன். சுந்தரி கிடைத்துவிட்டாள்! சிநேகாவிடம் சொன்னதும் வீடு முழுக்கக் குதித்தாள். சுஷ்மிதா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் இத்தனை நாள் சாப்பாடு இறங்கவில்லை அக்கா, எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு நல்ல செய்தி. ராட்வீலர் இல்லை என்று டாக்டர் சொன்னாரே, அதோடு பிரச்சினையே தீர்ந்தது! உடனே சம்பத்தைப் பிடித்தேன். "அட, அப்டியா சார்? நாட்டு நாய்னு டாக்டர் ஒரு வரி எழுதிக் குடுத்தா போதுமே. லிஸ்ட்ல இல்லாத ஜாதின்னா யாருக்கும் அப்ஜெக்‌ஷன் இல்ல," என்றார். நம் தெருக் குடியிருப்போர் அசோசியேஷன் ஆட்களிடமும் பேசிவிட்டேன். அவர்களும் சரி என்கிறார்கள்.

கம்பெனிக்கே போன் செய்தும் கேட்டேன். எடுத்த பெண் பொறுமையாகச் சொன்னாள். ராட்வீலராகவே இருந்தாலும் வீட்டுக்கான பாலிசி நிற்காதாம். அந்த நாய் யாரையாவது கடித்தால் அதற்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்களாம், அவ்வளவுதானாம். சம்பத் அலைச்சலுக்குச் சோம்பல்பட்டு அப்படிச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அந்த ஆளை என்ன சொல்வது! நானும் கேட்காமல் விட்டுவிட்டேன். போகட்டும், இப்போதுதான் எல்லாம் சரியாகிவிட்டதே.

டாக்டரிடம் அந்த ஒரு வரியை வாங்கி வை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறேன். கார் வேண்டாம் என்றால் வேறு வண்டி பிடிக்கலாம். உன் அறையை சுஷ்மிதா துடைத்து வைத்திருக்கிறாள். சுந்தரிக்குப் புது மெத்தை வாங்கியிருக்கிறேன். பழையதையெல்லாம் மறந்துவிடலாம்.

உன் தம்பி
கிருபா


சதுரங்கப்பட்டினம்
4 ஜூலை 2025

கிருபா,

ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம். ஷாரோன் போனில் சொன்னதை உன்னால் நம்ப முடியவில்லையாமே. நான்தான் சொல்லச் சொன்னேன். ஏன் என்று எழுதுகிறேன்.

செங்கல்பட்டில் ஞானம்பாள் அம்மா வீடு நினைவிருக்கிறதா? நீ பன்னிரண்டாம் வகுப்பு. அப்பா அம்மா இல்லாமல், எனக்குக் கல்யாணமான புதிதில் எங்களோடு வந்து இருந்தாய். வீடு பார்க்கப் போனபோது அந்த அம்மா, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். உன் மாமா "கிறிஸ்டியன்" என்றார். "அதுக்கு முன்னாடி?" என்று கேட்டார். மாமா சிரித்து மழுப்பினார். வீடு கிடைத்தது. எவ்வளவு நல்ல அம்மா! உனக்குப் பரீட்சை என்று தினமும் காபி கொடுத்து அனுப்பினார். பிறகு நம் சித்தப்பா ஊரிலிருந்து வந்தார், தெருமுனையில் யாரோ அவரை அடையாளம் கண்டு சொல்லிவிட்டார்கள்.

அந்த அம்மா நம்மைத் திட்டவில்லை. துரத்தவும் இல்லை. சாயங்காலம் வந்து உட்கார்ந்து, "உங்களப் பாத்தா அப்படித் தெரியவே இல்லம்மா. கேக்கறவங்ககிட்ட நீங்க அந்த ஆளுங்க இல்லேன்னு நானே சொல்லிடறேன். நீங்களும் இல்லேன்னே சொல்லிடுங்க. இங்கேயே இருங்க," என்றார். நமக்கு நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்தார். நானும் தலையாட்டப் போனேன். உனக்குப் பரீட்சை இருந்ததே.

உன் மாமா எழுந்தார். "இல்லேன்னு சொன்னாத்தான் இருக்கலாம்னா, அது எங்களுக்கு வூடு இல்லம்மா," என்றார். மறுநாள் சாமான் ஏற்றினோம். ஸ்டவ்வை நீதான் தூக்கிக்கொண்டு நடந்தாய். வழியெல்லாம் அழுதாய்.

இப்போது நீ ஒரு வரி எழுதி வாங்கி வரச் சொல்கிறாய். சுந்தரி அந்த ஜாதி இல்லை, அதனால் இருக்கலாம் என்று. ஒருவேளை டாக்டர் "ஆமாம், ராட்வீலர்தான்" என்று சொல்லியிருந்தால் நீ எனக்கு என்ன எழுதியிருப்பாய்? யோசித்துப் பார். மெத்தை வாங்கியிருப்பாயா?

சுந்தரி அப்படிக் கிடந்ததற்குக் காரணம் ஆள் மாறாட்டம் என்று நீ நினைக்கிறாய். கட்டியதே தப்பு என்று உன் கடிதத்தில் எங்குமே இல்லை. தப்பான நாயைக் கட்டிவிட்டாய் என்பதுதான் உன் வருத்தம். எனக்கு அதுதான் அதிர்ச்சி. தோப்பைப் பார்த்ததைவிட அதிர்ச்சி.

நான் அந்த வரியை வாங்கப் போவதில்லை.

தோப்பில் நானும் தனகோடியும் சேர்ந்து மிச்சமிருந்தவற்றை அவிழ்த்தோம். பரணிதரன் டாக்டரும் ஒருநாள் வந்தார். சிலவற்றை அவருக்குத் தெரிந்த காப்பகத்தில் எடுத்துக்கொண்டார்கள், அதற்குமேல் அங்கும் இடமில்லை. ஒரு பெட்டை மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. கயிறு இல்லை, அவிழ்த்தாகிவிட்டது. ஆனாலும் கட்டியிருந்த மரத்தைவிட்டு வரவில்லை. சோறு கொண்டுபோனால் சாப்பிடுகிறது, பாதையையே பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறது. அது அசல் ராட்வீலர் என்று டாக்டரே சொன்னார். அதற்கு யாரும் ஒரு வரி எழுதித் தர முடியாது. ஷாரோன் வீடு ஒற்றை அறை, சுந்தரியோடு இன்னொன்றை இங்கே வைக்க வழியில்லை.

உன்னிடம் எதையும் கேட்கவில்லை. உனக்குப் பெண் குழந்தை இருக்கிறது, பயம் இருக்கும், அது நியாயம். நடப்பதைச் சொன்னேன்.

சிநேகாவுக்கு முத்தம். அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஜெபா


திருப்போரூர்
20 ஜூலை 2025

அக்கா,

இதைக் காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கார் நம் வீட்டு வாசலில் நிற்கிறது.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் நான் ஒன்றும் எழுதவில்லை. எழுத என்ன இருந்தது? நீ கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். ராட்வீலர் என்றிருந்தால் நான் உனக்கு ஆறுதல் எழுதியிருப்பேன். மெத்தை வாங்கியிருக்க மாட்டேன்.

சுஷ்மிதாவிடம் அந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஞானம்பாள் வீட்டு விஷயத்த நீங்க எங்கிட்ட சொன்னதே இல்லயே," என்றாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நான் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். ஸ்டவ் தூக்கிக்கொண்டு நடந்ததையும் சொன்னேன். அப்புறம் தோப்பில் இருக்கும் நாயைப் பற்றிச் சொன்னேன். "கொழந்தை இருக்கற வீடு. கடிச்சா யாரு பதில் சொல்றது?" என்றாள்.

"நான்தான்."

"வாயால சொன்னா போதுமா?" என்றாள். போதாதுதான். அதனால் நாய்க்கு வாய்மூடியும் உயரமான உள்கேட்டும் வாங்கிப் போட்டோம். பரணிதரன் டாக்டரை அழைத்துக்கொண்டு சுஷ்மிதாவே ஒருநாள் தோப்புக்குப் போய்ப் பார்த்தாள். கொஞ்ச நாளைக்கு சிநேகா தனியாகக் கிட்டப் போகக் கூடாது, அது பழகட்டும், மிரட்டக் கூடாது, இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

நேற்று செங்கல்பட்டில் கம்பெனி ஆபீஸுக்கே போனேன். வீட்டில் ராட்வீலர் நாய் இருக்கிறது என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்த அம்மா அதை இரண்டு முறை படித்தார். "எல்லாரும் இல்லேன்னுதான் சார் எழுதிக் குடுப்பாங்க. இருக்குன்னு எழுதறவர இப்பதான் பாக்கறேன்," என்றார்.

"இன்னும் இல்லைங்க. நாளைக்குத்தான் வருது," என்றேன்.

நாயால் யாருக்கு என்ன நேர்ந்தாலும் முழுப் பொறுப்பு எனக்கு என்று ஒரு தாள் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன். அசோசியேஷனிலும் சொல்லிவிட்டேன், இன்றைக்கே நோட்டீஸ் வந்துவிட்டது. பதில் எழுத வேண்டும். அந்த வெள்ளை நாய்க்காரர் இன்று காலை எனக்கு குட் மார்னிங் சொல்லவில்லை.

மத்தியானம் தோப்புக்குப் போனேன். தனகோடி அங்கே இருந்தாள். அந்த நாய் நீ எழுதியது மாதிரியே மரத்தடியில் இருந்தது. காரைப் பார்த்ததும் எழுந்து நின்றது. கையில் பிரியாணிப் பொட்டலம், கயிறு, வாய்மூடி எல்லாம் வைத்துக்கொண்டு எப்படிக் கிட்டப் போவது என்று நான் பயந்துகொண்டு நின்றேன். எதுவும் தேவைப்படவில்லை. பின்கதவைத் திறந்தேன். ஓடி வந்து தானே ஏறி, சீட்டில் உட்கார்ந்துகொண்டது. என்னைப் பார்க்கவே இல்லை. யார் ஓட்டுகிறார்கள் என்பது அதற்கு முக்கியமில்லை. ஒரு கார் வரும், ஏறினால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று இத்தனை நாளாகக் காத்திருந்திருக்கிறது.

"ஐயோ பாவம், தன் வூட்டுக்குப் போறோம்னு நெனச்சிகினு கீது," என்றாள் தனகோடி. நான் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் அது ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது. எனக்கு ரோடு மங்கலாகவே தெரிந்தது, மெதுவாகத்தான் ஓட்டினேன்.

வந்து சேர்ந்து வெகுநேரம் ஆகிவிட்டது. கதவைத் திறந்தேன், இறங்கவில்லை. நம் வீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்க்கிறது, இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது என்பது மாதிரி. சுஷ்மிதா தட்டில் சோறு வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். சிநேகா மாடி ஜன்னலிலிருந்து, "ஏம்ப்பா எறங்க மாட்டேங்குது?" என்று கேட்டாள்.

"அதுக்கு நம்ம மேல நம்பிக்கை வரல பாப்பா," என்றேன்.

"எப்ப வரும்?"

தெரியவில்லை அக்கா. இழுத்து இறக்கப் போவதில்லை. உன்னையும் வா என்று கூப்பிடவில்லை. இருட்டப் போகிறது, கொசு வருகிறது. நானும் முன்சீட்டில்தான் இருக்கிறேன். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

கிருபா